பின்னுக்குப் போகாத வான்

சிவகரனின் வானுக்கு றிவேர்ஸ் கியர் விழாமல் போனது ஒரே நாளில் நடந்த காரியம் இல்லை. ஆவணியிலேயே அது சாடை காட்டத் தொடங்கிவிட்டது. கியரைப் போட்டால் சற்று யோசித்துவிட்டுத்தான் பின்னால் நகரும். பிறகு கூடுதலாக யோசித்தது. பிறகு அக்சிலேட்டரை மிதித்துக் கத்த வைத்தால் மட்டும் ‘டக்’கென்று ஒரு இடி இடித்துவிட்டுப் பின்னால் போனது. வீட்டில் ஒரு மனிசர் இப்படி நடந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருப்பார்கள். வான் என்றபடியால் சிவகரன் “சூடேறினால் சரிவரும்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். ஐப்பசியில் ஒரு காலை, எவ்வளவு மிதித்தும் அது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அது ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த பழைய ஒட்டோ கியர் வான். கியர்த்தடி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். எழுத்துகள் தேய்ந்து போனதால் எது எந்தக் கியர் என்று சிவகரனின் கைக்கு மட்டும்தான் தெரியும். அந்த வானில்தான் அவன் தினமும் பண்டத்தரிப்புப் பக்கம் படிப்பிக்கிற ரீச்சர்மாரை ஏற்றி இறக்கினான். அவனுக்கும் மனைவி உதயகலாவுக்கும் சோறு போட்டது அதுதான்.

கராஜ்காரன் ஜெரோசன் வானுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினான். உதயகலா வானுக்குள்ளேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கியர்ப்பெட்டியை இறக்கவேணும் அண்ணை. உள்ளுக்கை தேஞ்சுபோச்சு. சாமான் கொழும்பிலை தேடித்தான் எடுக்கவேணும். ஒரு மாதமாவது வான் என்னட்டை நிக்கும்.”

“ஒரு மாதமோ? ரீச்சர்மார் வேறை வானைப் பிடிச்சிடுவினமே!”

“அப்ப பள்ளிக்கூட லீவு விட்டவுடனை கொண்டுவாங்கோ. அதுமட்டும் முன்னுக்கு ஓடும். ஆனால் ஒண்டு. தள்ளுறதெண்டால் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுத் தள்ளுங்கோ. முன்னாலை ஆள் நிக்கேக்கை எஞ்சின் ஓடக்கூடாது.”

“ஓம் ஓம்” என்றான் சிவகரன். அந்த ஓம் ஓமை உதயகலா நன்றாக அறிவாள். கூரை ஒழுக்கு, பல்லுக்கொதி, எல்லாவற்றுக்கும் அவனிடம் இருந்த மருந்து அந்த ஓம் ஓம்தான்.

வெளியூர்க்காரருக்கு இதில் என்ன பெரிய சங்கடம் என்று தோன்றும். அந்த வீட்டு வளவைப் பார்த்தால்தான் விளங்கும். இணுவிலில் கோயிலடியிலிருந்து வருகிற ஒடுங்கிய ஒழுங்கை அவர்களுடைய வாசற்படலையோடு முடிந்துவிடும். வான் புகுந்தால் இரண்டு பக்கமும் மதில் உரசுகிற ஒழுங்கை. படலைக்குள்ளே ஒரு முற்றம். முற்றத்தின் இடப்பக்கம் வீடு, வாசலில் இரண்டு சீமெந்துத் தூண். நேரே எதிரில் ஒரு தகர வேலி. வேலியின் வலது மூலையில் கிணறு. உள்ளே வந்த வான் வெளியே போக வேண்டுமென்றால், முதலில் வீட்டுத் தூணைப் பார்த்தபடி முகத்தைத் திருப்ப வேண்டும், பிறகு கிணற்றுப் பக்கமாகப் பின்னால் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் படலையைப் பார்த்து நிமிரலாம். வானைக் கோயிலடிச் சந்தியிலேயே விட்டுப் பார்த்தான் சிவகரன். இரண்டாம் நாள் பற்றறியைக் காணவில்லை. அதனால் அது மறுபடி முற்றத்துக்கே வந்தது.

அந்த வேலிக்கு அப்பால் உதயகலாவின் தமக்கை குணலட்சுமியின் வளவு. ஒரே வளவாக இருந்ததைத் தகப்பன் இரண்டாகப் பிரித்து இரண்டு பெண்களுக்கும் சீதனமாக எழுதினார். கிணற்றை மட்டும் பிரிக்க முடியாதே. ஆளுக்குப் பாதி என்று காணி உறுதியில் எழுதினார். வேலி அந்தக் கிணற்றின் கரைக்கு வந்து நின்றுவிடும். இந்தப் பக்கத்தார் இங்கே நின்று அள்ளுவார்கள், அந்தப் பக்கத்தார் அங்கே நின்று அள்ளுவார்கள். வேலியில் ஆள் குனிந்து போகிற இடைவெளியாக ஒரு பொட்டு இருந்தது. கறிச்சட்டி, பலகாரம், கோள், எல்லாம் அதற்குள்ளால் போய் வந்தன.

சில வருசத்துக்கு முன் அடித்த புயலில் குணலட்சுமியின் புளியமரக் கொப்பு முறிந்து விழுந்து கிணற்றுக்கட்டைப் பாதி தகர்த்துவிட்டது. “மரம் உங்கடை, நீங்கள் கட்டுங்கோ” என்றாள் தங்கச்சி. “உடைஞ்சது உன்ரை பக்கம், நீ கட்டு” என்றாள் தமக்கை. நல்ல மேசன் அரை நாளில் முடிக்கிற வேலை. மேசன் கூட ஒழுங்கையிலேயே இருந்தான், அடுத்த வீட்டுச் செந்தூரன். ஆனால் இருவரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள். பிடித்தால் பிடிதான். பொட்டுக்கு முட்கம்பி அடிக்கப்பட்டது. குணலட்சுமியின் புருசன் செத்த வீட்டுக்கு உதயகலா போனாள், ஒரு சொல்லும் பேசாமல் திரும்பி வந்தாள். தமக்கையின் மகன் கனடாவுக்குப் போனதை ஊரார் சொல்லித்தான் கேள்விப்பட்டாள். கிணற்றுக்கட்டு உடைந்தபடியே கிடந்தது. அந்த இடத்தில் நிலமும் கிணற்று வாயும் ஒரே மட்டம். சிவகரன் ஒரு பெரிய பொழிகல்லை உருட்டிக்கொண்டு வந்து அங்கே போட்டிருந்தான்.

தள்ளத் தொடங்கிய முதல் நாள் ஜெரோசன் சொன்னபடியே எஞ்சினை நிற்பாட்டினார்கள். உதயகலாவும் செந்தூரனும் வானின் மூஞ்சியில் கையை வைத்துப் பின்னால் தள்ளினார்கள். வான் நல்லபிள்ளையாக உருண்டது. பிறகு நிற்கச் சொன்னால் நிற்கவில்லை. எஞ்சின் ஓடாததால் பிறேக் கல்லாக இறுகிவிட்டது. சிவகரன் இரண்டு காலையும் வைத்து மிதித்தான். உருண்டு வந்த பின்சில்லு பொழிகல்லில் மோதி அதையும் கொஞ்சம் தள்ளிக்கொண்டுதான் நின்றது. கல்லிலிருந்து உதிர்ந்த துண்டொன்று தண்ணீரில் விழுந்த சத்தம் உதயகலாவுக்கு நெடுநேரம் கழித்துக் கேட்டதுபோல் இருந்தது. வானின் பின்பக்கம் கிணற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

“இனி எஞ்சின் ஓடட்டும்” என்றான் சிவகரன். “பிறேக் இல்லாமல் நான் உதுக்குள்ளை போகேலாது.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பின்னால் கிணறு, முன்னால் ஆட்கள். எஞ்சின் நின்றால் அவனுக்கு ஆபத்து, ஓடினால் இவர்களுக்கு.

அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலும் அதுதான் பாடு. சிவகரன் முதலில் றிவேர்ஸைப் போட்டு உறுமிப் பார்ப்பான். எப்போதாவது ஒருநாள் குளிரில் அது பிடித்துவிடும். அப்படிப் பிடித்த ஒன்றிரண்டு நாள்தான் அவனைக் கெடுத்தது. லொத்தர்ச் சீட்டுக்காரன் மாதிரித் தினமும் ஒரு தரம் முயலாமல் அவனால் இருக்க முடியவில்லை. பிடிக்காவிட்டால் தடியை ஒரு படி இறக்கி நியூற்றலில் விடுவான். இவர்கள் தள்ளுவார்கள். அந்தத் தடியில் நியூற்றலுக்கு அடுத்த படி, முன்னுக்குப் போகிற கியர்.

உதயகலாவின் இடம் எப்போதும் நடு. உள்ளங்கைகள் வானின் நெற்றியில், முதுகுக்குப் பின்னால் வீட்டுத் தூண். எஞ்சினின் அதிர்வு கைவழியே ஏறி அவளுடைய பல்லுக்குள் வந்து நிற்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புருசனின் முகம். அவன் இவளைப் பார்ப்பதே இல்லை. பின்னுக்கு இருக்கிற கிணற்றைத்தான் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பான். கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் அந்த முகத்துக்கு அவள் பயந்ததில்லை. இப்போது பயந்தாள். அவனுக்கு அல்ல, அவன் பார்க்காத பக்கத்தில் தான் நிற்பதற்கு.

ஒருநாள் தடி வழுகியது. வான் ஒரு சாண் முன்னால் எகிறி நின்றது. செந்தூரன் துள்ளி விலகிவிட்டுச் சிரித்தான். “அண்ணை, என்னைத் தூணோடை சேத்துப் பூசப் பாக்கிறியளோ?” சிவகரனும் சிரித்தான். உதயகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முழுக்க உலையில் அரிசி போட மறந்து திரிந்தாள்.

பின்னேரம் தேங்காய் திருவிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டாள். “இஞ்சாருங்கோ, எனக்கு அந்த வானுக்கு முன்னாலை நிக்கப் பயமாக் கிடக்கு.”

சிவகரன் குணலட்சுமியின் வேலியைப் பார்த்தான். பிறகு, “கொக்காவிட்டை ஒரு சொல்லுக் கேட்டால் என்ன கலா?” என்றான். “வேலியிலை நாலு தகரத்தைக் கழட்டினால் போதும். எங்கடை படலையாலை வந்து, அவவின்ரை வளவுக்குள்ளாலை நேரை போய்ப் பெரிய றோட்டிலை ஏறலாம். றிவேர்ஸே தேவையில்லை.”

“கேளுங்கோ. கேட்டுப்போட்டு அங்கையே இருந்திடுங்கோ.”

“நீ கேட்டால்தான் தருவா. நான் கேட்டால் என்னத்தைத் தரப்போறா?”

“கிணத்துக்கட்டைக் கட்டித் தராதவ வழி தருவாவோ? அவவின்ரை மண்ணிலை சில்லு வைக்கிறதிலும் பாக்க நான் தள்ளிக்கொண்டே சாவன்.”

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு திருவலையைப் பார்த்துக் குனிந்தாள். சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

அந்த நாட்களில்தான் வேலிக்கு அப்பால் கத்திச் சத்தம் கேட்கத் தொடங்கியது. எதையோ வெட்டினார்கள். பச்சைச் சருகு எரிகிற புகை தகரத்துக்கு மேலால் வந்து கொடியில் காய்ந்த உடுப்பில் ஏறியது. ஒருநாள் உழவு மெசின் ஒன்று வந்து எதையோ கொட்டிவிட்டுப் போனது. பிறகு மண்வெட்டிச் சத்தம்.

“அங்காலை என்ன நடக்குது?” என்று செந்தூரனைப் பிடித்துக் கேட்டாள்.

“வாழையளைத் தறிச்சுப்போட்டா அக்கா. கிறவல் மண் பறிச்சுக் கொட்டியிருக்கிறா. ஏனெண்டு கேட்டன். சும்மா எண்டு சொன்னா.”

“மதில் கட்டப்போறா” என்றாள் உதயகலா. “எங்கடை மூஞ்சை தெரியாமல் இருக்க ஆளுயரத்துக்குக் கட்டப்போறா. கட்டட்டும்.” அவளுக்கு உள்ளுக்குள் எரிந்தது. அந்த வாழைகள் அம்மா வைத்த அடியில் வந்தவை. அவற்றைத் தறிக்க அக்காவுக்கு எப்படி மனம் வந்தது?

கார்த்திகை மாரி பிடித்தது. பள்ளிக்கூட லீவுக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. உதயகலா மனதுக்குள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு காலையும் வான் படலையைத் தாண்டியதும் சாமியறையில் போய் நின்று, இன்றைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று கண்ணை மூடுவாள்.

செந்தூரன் வவுனியாவில் ஒரு வீடு கட்டுகிற வேலைக்குப் போன மறுநாள் அது. இரவு முழுக்க அடித்த மழை விடிந்தும் தூறிக்கொண்டிருந்தது. முற்றத்துச் செம்மண் களியாகிவிட்டது. ஒழுங்கையில் ஒருவரையும் காணவில்லை. ரீச்சர்மார் போனுக்கு மேல் போன் எடுத்தார்கள்.

“நீ ஒராள் தள்ளினால் காணும், இண்டைக்குக் குளிர், சிலவேளை பிடிக்கும்” என்றான் சிவகரன்.

பிடிக்கவில்லை. ஆனாலும் தடியை றிவேர்ஸிலிருந்து இறக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தான். எஞ்சின் கத்தியது, புகை மழையில் படிந்து முற்றத்தை மூடியது. உதயகலா தலையைக் குனிந்து முழுப் பலத்தையும் கொடுத்துத் தள்ளினாள். கால் வழுகி முழங்காலில் விழுந்தாள். “அம்மா!” என்று அவளையறியாமல் வாய் கத்திவிட்டது. எழும்பித் தள்ளினாள். மறுபடி விழுந்தாள். சேலையெல்லாம் சேறு. அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. யாரில் ஆத்திரம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“எடி, எழும்பு.”

அந்தக் குரலைக் கேட்டு வருசமாகிவிட்டது. குணலட்சுமி கிணற்றுக் கரையால், பொழிகல்லில் ஒரு காலை வைத்துத் தாண்டி, சேலையை இடுப்பில் செருகியபடி வந்துகொண்டிருந்தாள். தலைமயிர் நரைத்துப் போயிருந்தது. அவ்வளவு நரைத்ததை உதயகலா இதுவரை பார்க்கவில்லை.

“நடுவிலை நிண்டால் உப்பிடித்தான் சறுக்கும். அந்தக் கரையிலை கல்லுக் கிடக்கு, அதிலை காலை ஊண்டு. இஞ்சை நான் நிக்கிறன்.”

உதயகலா கரைக்கு நகர்ந்தாள். தமக்கை நடுவில் நின்றாள். இரண்டு பேருடைய தோளும் முட்டின. அக்காவில் பழைய தைல மணம் வந்தது. “தள்ளு” என்றாள் அக்கா. வான் அசைந்தது. களிக்குள்ளிருந்து சில்லு மேலே ஏறியது. உதயகலாவுக்கு எத்தனையோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. இந்த வான் படலையைத் தாண்டட்டும், தேத்தண்ணி போட்டுக்கொடுத்துவிட்டுப் பேசலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் மனம் எவ்வளவோ இலேசாகியது.

“பிடிக்குது! பிடிக்குது!” என்று சிவகரன் உள்ளிருந்து கத்தினான். அவர்கள் தள்ளியதை அவன் கியர் பிடித்ததாக நினைத்துவிட்டான். இன்னும் மிதித்தான். சில்லு ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றது. பிடிக்கவில்லை என்று அப்போதுதான் விளங்க, மிதித்த காலை எடுக்காமலே தடியை இறக்கினான். தடி ஒரு படி இறங்க வேண்டிய இடத்தில் இரண்டு படி இறங்கியது.

முன்கியர் விழுந்து வான் பாய்ந்தது. கரையில் நின்ற உதயகலாவை அதன் பக்கவாட்டு அடித்துச் சேற்றில் எறிந்தது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தபோது வானின் மூஞ்சி தூணில் இருந்தது. தூணுக்கும் வானுக்கும் நடுவில் அக்கா இருந்தாள். கத்தவில்லை. வாயைத் திறந்தபடி, வானின் கண்ணாடியில் இரண்டு கையையும் விரித்து வைத்தபடி நின்றாள்.

“றிவேர்ஸ்! றிவேர்ஸைப் போடுங்கோ!” என்று உதயகலா அலறினாள்.

சிவகரன் போட்டான். மிதித்தான். எஞ்சின் கத்தியது. வான் அசையவில்லை. அது பின்னால் போகாது என்று அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், அந்த ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். ஆனாலும் “பின்னுக்கு எடுங்கோ, பின்னுக்கு எடுங்கோ” என்று அவள் கத்திக்கொண்டே இருந்தாள், அவனும் அழுதுகொண்டே மிதித்துக்கொண்டிருந்தான்.

சத்தம் கேட்டு ஒழுங்கைச் சனம் ஓடி வந்தது. பின்னால் கயிறு போட்டார்கள். நேரே இழுத்தால் கிணறு. அதனால் படலைப் பக்கமாக நின்று சரித்து இழுத்தார்கள். வானின் பின்புறம் படலைக்கு வர, மூஞ்சி தூணைவிட்டு விலகி வேலியைப் பார்த்துத் திரும்பியது. குணலட்சுமி மடிந்து தங்கச்சியின் கைக்குள் விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உதயகலா பார்க்கவில்லை, பார்க்க அவளால் முடியவில்லை.

அம்புலன்சுக்கு அடித்தாயிற்று என்று யாரோ சொன்னார்கள். வரும்மட்டும் யார் பார்த்திருப்பது? அவளைத் தூக்கி வானின் பின் சீற்றில் கிடத்தினார்கள். உதயகலா தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சிவகரன் முன்னால் ஏறினான்.

“படலைக்குத் திருப்பவேணும்” என்றான். “ஆரும் முன்னாலை நிண்டு தள்ளுங்கோ...”

“ஒருத்தரும் முன்னாலை நிக்கக்கூடாது!” உதயகலா போட்ட சத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள். “வேலியைப் பிடுங்குங்கோ. தகரத்தைப் பிடுங்கி எறியுங்கோ. அங்காலை போவம்!”

நாலைந்து பேர் தகரத்தில் கையை வைத்தார்கள். பலமாக இழுக்க ஆயத்தமாக நின்றவர்கள் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தார்கள். தகரம் ஒரு இழுவையில் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் ஆணி எல்லாம் முன்பே பிடுங்கியிருந்தது. வெறும் கயிற்றால் கட்டி விட்டிருந்தது.

வான் முன்னால் போனது. வேலி இருந்த கோட்டைத் தாண்டியதும் சில்லின் சத்தம் மாறியது. களியில்லை, கிறவல். உதயகலா ஜன்னலால் பார்த்தாள். வாழை நின்ற இடமெல்லாம் கிழங்கோடு தோண்டி மட்டம் பண்ணி, வேலியிலிருந்து நேரே ஒரு பாதை போனது. வான் ஒன்று தாராளமாகப் போகிற அகலம். பாதை முடிகிற இடத்தில் பழைய ஒற்றைப் படலை இல்லை. ஒரு பக்கத்து மதிலை இடித்து விலத்தி, புதிதாக இரண்டு தூண் எழுப்பி, இரட்டைப் படலை போட்டிருந்தது. பூசிய சீமெந்தில் பாசி பிடிக்கத் தொடங்கியிருந்தது.

“அக்கா” என்றாள். “அக்கா, இது... இது எப்ப?”

குணலட்சுமி கண்ணைத் திறந்தாள். “ஒவ்வொருநாளும் விடிய அந்தச் சத்தம் கேக்கும்” என்றாள். மூச்சு வாங்கியது. “நீ கேப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”

வான் பெரிய றோட்டில் ஏறியது. யாழ்ப்பாணப் பக்கம் திரும்பிச் சிவகரன் விரட்டினான். உதயகலா தமக்கையின் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். அந்தக் கை இவளைப் பிடித்திருந்த பிடி கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டிருந்தது.

“அக்கா, கேக்கிறன்” என்றாள் குனிந்து, காதுக்குள். “அக்கா, இப்ப கேக்கிறன். உங்கடை வளவுக்குள்ளாலை நாங்கள் போகட்டோ? சொல்லுங்கோ அக்கா. போகட்டோ?”

குணலட்சுமியின் பிடி முழுதாக விட்டுப்போயிருந்தது.